வியாழக்கிழமைப் பைகள்

கண் மங்கியவர்களுக்கென்று அச்சடிக்கிற பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கு எங்கள் ஊரில் இருக்கிற கிராக்கி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது, சார்ஜென்ட். நீங்கள் தலிங்காவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, இன்னும் நூலக அட்டைகூட வாங்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அட்டை இலவசம், ஐந்து நிமிஷ வேலை, அதனால் சொன்னேன்.

என் பெயர் கிளெனிஸ் ட்ராண்டர். இங்குள்ள கிளை நூலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். குழந்தைகளுக்குக் கதை படித்திருக்கிறேன், வேறு ஊர்களிலிருந்து புத்தகம் வரவழைத்துக் கொடுத்திருக்கிறேன், ஓய்வூதியப் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்வது வீட்டு நூலகச் சேவை ஒன்றைத்தான். வெளியே வர முடியாத உறுப்பினர்களுக்கு வியாழக்கிழமைதோறும் வேனில் புத்தகம் கொண்டுபோவது. ஆளுக்கொரு பச்சைத் துணிப்பை, கைப்பிடியில் பெயர்ச் சீட்டு, உள்ளே ஆறு புத்தகம். யாருக்கு எது என்பதை நான்தான் முடிவு செய்வேன். இதுவரை ஒரு பைகூட மாறிப்போனதில்லை.

இவர்களில் பலருக்கு எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்பது நினைவில் நிற்காது. கணினியைக் கேட்டால் சொல்லும். அது அவர்களுக்குப் பிடிக்காது. அதனால் ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, படித்து முடித்ததும் அதில் பென்சிலால் ஓர் அடையாளம் போடுவார்கள். மெர்ல் ஹிக்ஸ் பதினேழாம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். லின்ட்ஸே பாஸ்கோ நாற்பதாம் பக்கத்து மூலையில் பெருக்கல் குறி போடுவார். பையைத் திறந்ததும் அவரவர் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். குறி இருந்தால் புத்தகம் அப்படியே என்னிடம் திரும்பிவிடும். இந்தக் குறிகளை யாரும் அழிக்கக் கூடாது என்று நூலகத்தில் நான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நூலகப் புத்தகத்தில் கிறுக்கலாமா என்று கேட்கிறவர்கள் ஒருமுறை என்னுடன் வேனில் வந்து பார்க்க வேண்டும்.

லின்ட்ஸே விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தானே காத்திருக்கிறீர்கள்.

அவருக்கு எண்பத்து மூன்று வயது. துறைமுகத் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். கடற்கரைச் சாலையில் கடைசி வீடு அவருடையது. மனைவி போய் ஒன்பது வருஷம். ஒரே மகள் ஜானீன் அடிலெய்டில் இருக்கிறாள். அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பல வருஷமாக மல்லுக்கு நின்றவள். நான் போனால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

“வா மகாராணி. இந்த வாரமாவது உருப்படியா நாலு பேர் சாகுற கதை கொண்டாந்தியா, இல்ல போன தடவை மாதிரி காதல் கண்றாவியா?”

“நாலு கொலை, ஒரு தூக்கு. போதுமா?”

“போதும் போதும். உட்காரு, டீ போடறேன்.”

ஒருநாள் கேட்டார்: “யாரு கிளெனிஸ் இந்தப் பதினேழாம் பக்கத்துக்காரி? நான் எதை எடுத்தாலும் எனக்கு முன்னாடி வட்டம் போட்டு வச்சிருக்கா.”

ஓர் உறுப்பினர் படிப்பதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. நான் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் மீறிய விதி அது ஒன்றுதான்.

“மெர்லா? நல்ல பொம்பளைதான். கொலைகாரன் பேரை அந்த வட்டத்துக்குப் பக்கத்துலயே எழுதி வைக்காம விட்டாளே, அதுக்கு என் நன்றியைச் சொல்லு.”

மெர்லிடம் சொன்னேன். “அந்தக் கிழவன் ரொம்ப வாயாடினா அடுத்த தடவை எழுதிடுவேன்னு சொல்லு” என்றார். பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இப்படி நான் எத்தனையோ பேச்சுகளை வீட்டுக்கு வீடு சுமந்திருக்கிறேன். பல வீடுகளில் அந்த வாரம் மனிதக் குரல் என்று கேட்பது என்னுடையது மட்டும்தான்.

இரண்டு வருஷம் முன்பு என் பட்டியலில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். சிலர் செத்தார்கள், சிலரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். எப்போதும் அது ஒரே மாதிரிதான் நடக்கும். கீழே விழுவார்கள், ஆம்புலன்ஸ் வரும், பிறகு அந்த வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நிற்கும். பிப்ரவரியில், நூலகத்தை நடத்துகிற கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. ஜூன் முப்பதாம் தேதி பத்து உறுப்பினர்களுக்குக் குறைந்தால் வியாழக்கிழமை வேன் ஒரு வருஷத்துக்கு நிறுத்தப்படும், புத்தகம் தபாலில் போகும் என்று எழுதியிருந்தார்கள். தபாலில். மெர்லுக்கு இரண்டு கையும் முடக்குவாதம். உறை பிரிப்பதற்கு அவர் யாரைக் கூப்பிடுவார் என்று எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. மருந்துக் கடையிலும் டாக்டர் அறையிலும் அறிவிப்பு ஒட்டினேன். புதிதாக யாரும் சேரவில்லை. ஜூன் கடைசி வாரம் என் பட்டியலில் சரியாகப் பத்துப் பேர் இருந்தார்கள்.

இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை காலை பத்தரைக்கு லின்ட்ஸே வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டாமல் இருந்தது. அவர் சமையலறைத் தரையில் கிடந்தார்.

“நல்லவேளை வந்த, கிளெனிஸ். விடிகாலைல விழுந்துட்டேன். இடுப்பு போச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு.”

போனை எடுத்தேன். அப்போது அவர் சொன்னார்: “அப்படியே ஜானீனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு. நீ ஜெயிச்சுட்ட, அப்பா வந்துடறேன்னு சொல்லு. இந்த வீடு இனிமே எனக்குச் சரிப்படாது.”

நான் போனைப் பைக்குள் வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவருக்கு விஷயத்தை விளக்கினேன். திங்கட்கிழமை முப்பதாம் தேதி. காலை ஒன்பது மணிக்கு நான் எண்ணிக்கை அனுப்ப வேண்டும். இன்றைக்கு அவர் ஆம்புலன்ஸில் ஏறினால் நாளைக்கே ஜானீன் அவர் பெயரை எடுத்துவிடுவாள். இந்த ஊரில் விஷயம் பரவ ஒரு மணிநேரம் போதும். மற்ற ஒன்பது பேரும் ஒரு வருஷம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வராத வேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“நாலு நாள், லின்ட்ஸே. திங்கக்கிழமை காலைல நானே கூப்பிடறேன்.”

“என்ன விளையாடறியா?”

“இல்ல.”

அவர் கழுத்தில் மாட்டுகிற, அழுத்தினால் உதவிக்கு ஆள் வரும் அவசரப் பொத்தானை எடுத்துத் தரச் சொன்னார். குளியலறைக் கொக்கியில் தொங்கியது. நான் அதைத் தொடவே இல்லை. உங்கள் ஆட்கள் கைரேகை பார்த்திருப்பார்கள், அதில் என்னுடையது இருக்காது. அவருடைய போன் மேஜை விளிம்பில் இருந்தது. எம்பி எடுக்கப் போய் இன்னும் அடிபட்டுக்கொள்வாரே என்று மேல் அலமாரியில் வைத்தேன். தலையணை, இரண்டு போர்வை, தண்ணீர், பிஸ்கட், வலி மாத்திரை எல்லாவற்றையும் கைக்கு எட்டும்படி வைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டேன். சட்டைப் பையில் பென்சில் இருந்தது. புதுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, “சீக்கிரம் முடிச்சுடுங்க, அடுத்து மெர்ல் கேட்டு வச்சிருக்காங்க” என்றேன்.

ஜூன் நல்ல குளிர்காலம்தான், ஆனாலும் ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆளில்லாத வீட்டில் அதை எரியவிட்டுப் போவது ஆபத்து.

“போகாத கிளெனிஸ். பயமா இருக்கு” என்றார். எனக்கு இன்னும் நான்கு வீடுகள் இருந்தன. அவர் கூப்பிடுவது வேன்வரைக்கும் கேட்டது. அடுத்த வீட்டில் எலுமிச்சைக் கேக் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஃபிளாஸ்கில் சூப் எடுத்துக்கொண்டு போனேன். அவரைத் துடைத்து வேறு உடுப்பு மாற்றினேன். முகம் வெளுத்து, கை ஐஸாக இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் ஆம்புலன்ஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சத்தம் போடவில்லை. சூப்புக்கு நன்றி சொன்னார். யோசித்துப் பார்த்து என் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

“முடிச்சுட்டேன். மெர்லுக்குக் கொடுத்துடு. காத்திருக்கப் போறா” என்று புத்தகத்தை நீட்டினார்.

அந்த நிலைமையிலும் இன்னொரு வாசகரை நினைத்தாரே என்று எனக்கு மனசு நெகிழ்ந்தது. அந்த நான்கு நாளில் எனக்கு ஏதாவது தோன்றியது என்றால் அது ஒன்றுதான். மற்றபடி கை கால் மரத்துப்போனால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறீர்கள், தேவைப்படாது.

நாற்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். பெருக்கல் குறி இருந்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை நூலகம் பன்னிரண்டு மணிவரைதான். பூட்டிவிட்டுப் போனேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பேசவில்லை. வியாழக்கிழமைப் பையிலிருந்து கடல் கதை ஒன்றை எடுத்துப் படித்துக் காட்டினேன், பார்வை போன உறுப்பினர்களுக்கு அப்படிப் படிப்பதும் எங்கள் சேவையில் உண்டு. ஏழாம் அத்தியாயத்தின் நடுவில் எங்கேயோ மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் நிறுத்துவது அவருக்குப் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேவை கிடையாது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எண்ணிக்கையை அனுப்பினேன். பத்து. பொய் இல்லை. இறந்துவிட்டார் என்று யாராவது தெரிவிக்கும்வரை உறுப்பினர் உறுப்பினர்தான். ஒன்பதேகாலுக்குக் கவுன்சிலிலிருந்து பதில் வந்தது, வேன் அடுத்த வருஷமும் ஓடும். பத்து மணிக்கு லின்ட்ஸே வீட்டுக்குப் போய் உங்களுக்குப் போன் செய்தேன். அப்போது நீங்கள் எனக்குத் தோளில் ஒரு போர்வை போர்த்திவிட்டீர்கள். வியாழக்கிழமை அவர் நன்றாக இருந்தார் என்று நான் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டீர்கள்.

போன வியாழக்கிழமை மெர்லுக்குப் பை கொண்டுபோனேன். வழக்கம்போல என் முன்னாலேயே புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினார். மூன்றாவது புத்தகத்தில் கை நின்றது. அடையாளம் பார்க்கிறவர் கண் அப்படி ஒரு பக்கத்தில் நிற்காது, அது எனக்கும் தெரிந்தது. ஏற்கெனவே படித்ததா என்று கேட்டேன்.

“இல்ல. இது படிக்காதது” என்றார். பிறகு சொன்னார்: “இன்னைக்கு டீ வேண்டாம் கிளெனிஸ். எனக்கு முடியல. நீ கிளம்பு.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அந்தக் கையோடு அவர் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பதினேழாம் பக்க எண்ணுக்குக் கீழே லின்ட்ஸே எழுதியிருந்ததை நேற்றைக்குத்தான் நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். ‘மெர்ல், வெள்ளிக்கிழமை. இடுப்பு முறிந்து சமையலறையில் கிடக்கிறேன். கிளெனிஸுக்குத் தெரியும். உதவிக்கு யாரையும் கூப்பிட மாட்டாளாம். போலீஸுக்குச் சொல்லு.’ தெளிவான கையெழுத்து. நான் நாற்பதாம் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் பையில், என் வேனில், என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமையே நேராக மெர்லிடம் கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் புத்தகம் முதலில் நூலகத்துக்குத் திரும்பிப் பதிவாக வேண்டும், அடுத்த வியாழக்கிழமைதான் வெளியே போகும். ஒருவருக்காக முறையை மாற்ற முடியாது.

நான்தான் செய்தேன். அவர் உயிரோடு இருந்தார், என்னிடம் கேட்டார், என்னால் காப்பாற்றியிருக்க முடியும், காப்பாற்றவில்லை. இதில் எழுதிக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் ஏன் என்பதையும் எழுதுங்கள். ஒரு மனிதரின் நான்கு நாளுக்கு ஒன்பது பேரின் ஒரு வருஷம். அவர்களுக்காகத்தான் செய்தேன்.

ஒன்பது பேரும் இன்று காலை நூலகத்துக்குப் போன் செய்து, தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னதாகச் சொல்கிறீர்கள். பயந்திருப்பார்கள். யாரோ அவர்களிடம் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்று வியாழக்கிழமைதானே. இரண்டு மணிநேரம் என்னை விடுங்கள், வேண்டுமானால் நீங்களும் கூட வாருங்கள், வீடு வீடாகப் போய் நானே எடுத்துச் சொல்லிவிட்டு வருகிறேன். என்னைப் பார்த்தால் கதவைத் திறப்பார்கள்.