முதலில் எந்த மெனேஜர் போவார்?

எனக்குச் சரியாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகும் மடுல்கெல்ல பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் இங்கிலாந்து கால்பந்தாட்டம் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"செவப்புச் சட்டை டீம்காரனுங்க மெனேஜரத்தான் மொதல்ல வெரட்டுவாங்க" என்றார் தொப்பி போட்டவர்.

"அவனுக்கு முந்தி ஒருத்தன் போறான் மச்சான்" என்றார் மற்றவர்.

"யாரு?"

"நீதான். திருவிழா மெட்ச்சுல கீழ்க்கணக்கு டிவிஷன் டீம்கிட்ட தோத்தா கோச்ச மாத்துறது நம்ம தோட்டத்து வழக்கந்தானே. நேத்து கோயில் கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"புதுக் கோச் யாரு?"

"நான்தான் மச்சான்."

"அப்ப அடுத்த திருவிழாவுக்கு நீ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தோற்றது கீழ்க்கணக்கிடமா மேல்கணக்கிடமா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள்.