உடைசல் கணக்கு

— ரெண்டாயிரத்து எண்ணூறு செங்கல்லா? ஏன் சோமு, நான் கேட்டது காம்பவுண்டு சுவரு. ஜெயிலு இல்ல.

— நாப்பதடி நீளங்க்கா. அஞ்சடி உசரம், ஒம்பதிஞ்சு சுவரு. சத்தியமா பாத்துதான் சொல்றேன்.

— பழைய அஸ்திவாரம் அப்படியே கெடக்கு. அதுக்கு மேலதான எழுப்பப் போற? ரெண்டாயிரம் தாராளம். மிச்சம் எண்ணூறு எதுக்கு?

— உடைசல் போவுங்க்கா. லாரியில வர்றப்ப உடையும். எறக்கறப்ப உடையும்.

— நீ பாத்தாலும் உடையுமா? கல்லு வாங்கறியா, முட்ட வாங்கறியா?

— தொழில் தெரியாம பேசாதீங்க.

— அதெல்லாம் கெடக்கட்டும். கோவில்பத்துல என் தம்பி வீடு கட்டுனியே, அங்க எவ்வளவு உடைஞ்சுது?

— ஞாபகம் இல்லீங்க.

— எனக்கு இருக்கு. நட்சத்திர முத்திர போட்ட கல்லு. உன் வீட்டு அடுப்படிச் சுவத்துல வரிசையா நிக்குது. ஒண்ணுகூட மூல ஒடியல.

— அக்கா, நீங்க எப்ப என் வீட்டுக்கு...

— போன வாரம். நீ கோட்டுச்சேரியில கான்கிரீட் போடப் போயிருந்த. என் மவன் செம்பியன்தான் பைக்ல கூட்டிட்டுப் போனான். உன் பொண்டாட்டி காப்பி குடுத்தா. பூசாத சுவரு பாரு, ஒண்ணு விடாம படிச்சுட்டேன். கூடம் டாக்டர் வீட்டுச் சாம்பக்கல்லு. கக்கூஸு ரைஸ்மில்லுக் கல்லு. உன் வீட்டுல ஊரே கூடியிருக்கு. நான் மட்டுந்தான் பாக்கி.

— உடைஞ்சதத்தான் எடுத்தேன். சத்தியமா.

— மாடியில இடுப்பளவு சுவரோட ஒரு ரூம் நிக்குதே, அதுக்கு இன்னும் எவ்வளவு கல்லு வேணும்?

— அது எதுக்குக்கா இப்ப?

— கேட்டதுக்குச் சொல்லு.

— எண்ணூறு.

— அடேயப்பா. உன் உடைசலு கணக்குப் பாத்துல்ல உடையுது!

— சரி, சொல்லிடறேன். எம் மவ தமிழ்மொழியப் பொண்ணு பாக்க வர்றவனெல்லாம் காப்பியக் குடிச்சுட்டு, மாடிய அண்ணாந்து பாத்துட்டுப் போயிடறான். மழைக்கு முன்னாடி அத மூடலேன்னா இந்த வருசமும் கல்யாணம் இல்ல. என் கூலியில சோறு வருது, செங்கல்லு வரமாட்டேங்குது.

— அப்பறம்?

— அப்பறம் என்ன? ரெண்டாயிரமே வச்சுக்குங்க. உங்க தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

— குறைக்காத. எண்ணூறு பத்தாது. ஆயிரத்து எரநூறு உடையட்டும்.

— கேலி பண்ணாதீங்கக்கா. தப்புப் பண்ணிட்டு நிக்கிறேன்.

— நான் ஏன் கேலி பண்றேன்? ரூம அளந்து பாத்துட்டுத்தான் வந்தேன். ஜன்னல கெழக்கால வையி, கடல் காத்து வரும். நீளத்துல ரெண்டடி கூட்டு.

— இடுப்பளவு எழுப்பியாச்சே. ஒரு பக்கம் இடிக்கணுங்க.

— இடி. அந்த உடைசலாவது நெசமா இருக்கும்.

— எதுக்குங்க ரெண்டடி?

— செம்பியன் ஆறடி. அவனும் உன் மவளும் கட்டிக்கறதா தங்களுக்குள்ள பேசி வச்சு ஒரு வருசமாச்சு. தலதீவாளிக்கு உன் வீட்டுக்கு வர்ற எம் புள்ள கால மடக்கியா படுப்பான்?