ஒன்பது மீட்டர் மஞ்சள் கோடு

வண்டியை ஓரங்கட்டுவதில் எனக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. சக்கரத்துக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. அன்றும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன். உங்கள் ஆட்கள் அளந்திருப்பார்கள்.

எங்கள் தெரு சரிவானது. நடுவில் ஒரு சந்து வந்து சேர்கிறது. சந்து முனைவரை கார்களை நிறுத்திவிடுவார்கள். சந்திலிருந்து வருபவருக்கு மேலேயிருந்து இறங்கும் வண்டி தெரியாது. முனையிலிருந்து ஒன்பது மீட்டர் காலியாக இருந்தால் தெரியும். நான் இயற்பியல் படித்தவள். மாடி ஜன்னலில் உட்கார்ந்து ஆறு மாதம் வேகத்தைக் குறித்துக் கணக்குப் போட்டேன். அந்த நோட்டுதான் உங்கள் மேசையில் இருக்கிறது.

அந்த ஒன்பது மீட்டரில் வண்டி நிறுத்தக்கூடாது என்று மஞ்சள் கோடு போடக் கேட்டு மனு எழுதினேன். கையெழுத்து வாங்க முதலில் வீடு வீடாகப் போனேன். முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். முனைவீட்டு மருந்துக்கடைக்காரர் முழுவதும் கேட்டார்.

“என் வீட்டு வாசல்ல நிறுத்தாம உன் மொட்டைமாடியிலயா கொண்டுபோய் நிறுத்தறது? டேப்பைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பும்மா.”

“யாருங்க, அளவுக்காரியா?” என்றாள் அவர் மனைவி உள்ளேயிருந்து. தெருவில் எனக்கு அதுதான் பெயர்.

கையெழுத்துப் போட்டவர் தையல்காரர் ஒருவர்தான். “தினமும் அந்தச் சந்துலதாம்மா சைக்கிள்ல வர்றேன். உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுதான் எட்டிப் பாக்கறேன்” என்றார்.

போக்குவரத்துப் பிரிவுக்குப் பதினோரு முறை நடந்தேன். அங்கே பொறியாளர் நல்ல மனிதர். ஒவ்வொரு முறையும் உட்காரச் சொல்வார், அடுத்த வாரம் வரச் சொல்வார். கடைசித் தடவை ஃபைலையே என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“உன் கணக்குல தப்பே இல்லம்மா. ஆனா கோடு போடணும்னா ஒரு வருஷத்துக்குள்ள ஆளுக்கு அடிபட்ட விபத்து மூணு இருக்கணும். இங்க ரெண்டுதான் இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?”

“முதல் விபத்துக்கு அடுத்த மாசத்தோட வருஷம் முடியுதே, சார்.”

“அப்போ கணக்குல ஒண்ணுதான் மிஞ்சும்.”

இரண்டு பேர் எலும்பு முறிந்து கிடந்தது வீணாகப் போகிறது என்பதை அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அண்ணன் விட்டுப்போன சரக்கு வேனை அதுவரை பின்தெருவில்தான் வைத்திருந்தேன். ஆளைவிட உயரம். மருந்துக்கடைக்காரர் காரை எடுத்துக்கொண்டு போனதும் அதை முனையில் கொண்டுவந்து நிறுத்தினேன். கோடு இல்லாத இடம். சட்டப்படி யாரும் நிறுத்தலாம்.

ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் முன்பைவிட எச்சரிக்கையாக வந்தார்கள். மாதமோ ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் வேனை இன்னும் ஒரு மீட்டர் முன்னால் நகர்த்தினேன்.

தையல்காரர் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குச் சந்தைவிட்டு வெளியே வருவார். தண்ணீர் கேன் லாரியும் அந்த நேரத்தையொட்டித்தான் மேலேயிருந்து இறங்கும். ஏன் அவர் என்று கேட்டீர்கள். அவர் மெதுவாக வருபவர். கால் முறிவதோடு நின்றுவிடும் என்று கணக்கிட்டிருந்தேன். கேன்கள் நிறைந்த லாரி பிரேக் போட்டு நிற்க எவ்வளவு தூரம் ஆகும் என்பதைக் குறைத்துப் போட்டுவிட்டேன். அது என் பிழை.

ஜன்னலிலிருந்து இருவரையும் பார்த்தேன். நான்கு வினாடி இருந்தது. கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை.

தையல்காரர் இறந்த பதினேழாம் நாள் கோடு போட்டார்கள். சரியாக ஒன்பது மீட்டர். அவர் கையெழுத்துப் போட்ட மனு நிறைவேறிவிட்டது என்று அவர் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். துக்கம் ஆறியதும் புரிந்துகொள்வார்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். வேனை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். தெருவின் கீழ்முனையில் இந்த வருடம் இரண்டு விபத்து ஆகிவிட்டது.