வலது கையில் மட்டும்

ஐஸ்கிரீமை உருகவிட்டு மறுபடியும் உறையவைத்தால் நாக்கில் நறநறக்கும். நீங்களும் கவனித்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர் சார். சின்னப் பனிப்படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடுவதுதான் காரணம். மனிதனின் விரல் உறையும்போதும் அதேதான் நடக்கிறது. வளரும் படிகம் சதையைக் கிழித்துவிடும்.

துருவக் கடலில் வாழும் சில மீன்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவற்றின் ரத்தத்தில் உள்ள ஒரு புரதம், படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாது. மீனிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. அதே வேலையைச் செய்யும் பாலிமர் ஒன்றை, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் சின்னக் கம்பெனியில் நான் உருவாக்கினேன். கையில் காலில் தடவுகிற களிம்பு. ஆவடி குவார்ட்டர்ஸில் என் எதிர்வீட்டு ராணுவக்காரர் பாஸ்கரன் பனிமலைக் காவலுக்குப் போய், கால்விரல்கள் இல்லாமல் திரும்பி வந்தார். என் நோக்கம் நல்லது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எலிகளிடம் களிம்பு பலித்தது. என் உதவியாளன் ஹேமநாதன்தான் குறுக்கே நின்றான். சில எலிகளுக்குப் பாதம் கறுத்துவிட்டது, அதை மறைத்துவிட்டு மனிதர்கள் மேல் தடவக் கூடாது என்றான். பூஜை விடுமுறை முடிந்ததும் முதலாளியிடம் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னான். நல்ல பையன். கோபமே வராது. எனக்குத்தான் பயம் வந்தது. முதலாளி கேட்டால் களிம்பு வேலையையே நிறுத்திவிடுவார்.

ஷெட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும் எங்கள் குளிர் அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளிருந்து கதவைத் திறக்கும் குமிழ் உடைந்து பல மாதமாகிறது. அதனால் உள்ளே போகிறவர் செருப்பைக் கதவருகே கழற்றிவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவார். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். யாரும் வெளித்தாழ் போட மாட்டார்கள்.

ஆயுத பூஜை அன்று எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஷெட் வாசலில் எல்லோருடைய செருப்பும் குவியலாகக் கிடந்தது. பூஜை முடிகிற நேரத்தில், குளிர் அறையில் மாதிரித் தட்டுகளை அடுக்கிவைத்துவிட்டு வரும்படி ஹேமநாதனிடம் சொன்னேன். கொஞ்ச நேர வேலை, கையுறை வேண்டாம் என்றேன்.

"எலி கையில போட்டதை உன் கையில போட பயமா?" என்றும் கேட்டேன்.

"உங்க திருப்திக்கு இன்னைக்கு நானே எலி, சார்," என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

வலது கையில் மட்டும் தடவினேன். இடது கையை விட்டுவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் அல்லவா?

அவன் உள்ளே போனதும் செருப்பை எடுத்துக்கொண்டு போய் ஷெட் வாசல் குவியலில் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். பொரிப் பொட்டலத்தோடு வாட்ச்மேன் லோகநாதன் வந்தான்.

"உள்ள யாராச்சும் கீறாங்களா சார்?"

"செருப்பு இருக்கா, பாரு."

"இல்ல சார். அப்போ பூட்டிக்கினு கெளம்பறேன். ஊட்ல பூஜை கீது."

நான் பொய் சொல்லவில்லை. தாழைப் போட்டதும் நான் இல்லை.

எல்லோரும் போன பிறகு கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதலில் நிதானமாகத் தட்டினான். பிறகு இரண்டு கைகளாலும் அடித்தான். பிறகு கதவின் ரப்பர் விளிம்பில் வாயை வைத்துப் பேசினான். நான் வெளியே இருப்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"ராமகிருஷ்ணன் சார், கை எரியுது சார். வலது கைதான் ரொம்ப எரியுது."

கெஞ்சவில்லை, பாருங்கள். எனக்குத் தகவல் சொன்னான். அப்படிப்பட்ட உதவியாளன் இனி கிடைக்க மாட்டான். எரிச்சல் இருக்கிறதென்றால் விரலில் உயிர் இருக்கிறது. அது நல்ல அறிகுறி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

குளிர் அறைக்குள் யாரும் போன் கொண்டுபோவதில்லை. மேஜை மேல் அவன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு என் போன் அடித்தது. அவன் மனைவி கிருஷ்ணப்பிரியா.

"அண்ணா, அவரு இன்னும் வீட்டுக்கு வரலண்ணா. பூஜைக்கு எல்லாம் எடுத்துவெச்சிட்டு உக்காந்திருக்கேன்."

நெமிலிச்சேரி போகும் மின்சார ரயிலில் இன்று கூட்டம் அதிகம், வந்துவிடுவான், நீ விளக்கை ஏற்றிவிடு அம்மா என்றேன். அந்த நேரத்தில் கதவில் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

ஒரு விஷயத்தில் தவறினேன். குவியலில் இன்னொரு ஜோடி கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பூஜை முடிந்ததும் அவரவர் செருப்பை அவரவர் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது தோன்றவே இல்லை. விஜயதசமி காலையில் ஷெட்டைத் திறக்க வந்த லோகநாதன், வாசலில் தனியாகக் கிடந்த அந்த ஒரு ஜோடியைப் பார்த்திருக்கிறான். பார்த்ததும் நேராகக் குளிர் அறைக்கு ஓடியிருக்கிறான். பாவம், இப்போது அவன் யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள்.

நீங்கள் காட்டிய போட்டோவைப் பார்த்தேன். இரண்டு கைகளும் ஒரே மாதிரி கறுத்திருக்கின்றன. அது களிம்பின் குற்றம் அல்ல. கதவை அடித்து அடித்து, தடவியதையெல்லாம் கதவிலேயே தேய்த்துவிட்டான். அவனைக் கொன்றது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் சோதனை தோற்றது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடுத்தவருக்குக் கைகளைக் கட்டிவிட்டால் சரியாக வரும்.

மேஜை மேல் நீங்கள் வைத்திருக்கும் களிம்பு டப்பாவை நான் தொட்டதும், எழுதிக்கொண்டிருந்த ஏட்டய்யா ஏன் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார்? பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், சார். இது எரியாத களிம்பு.