முதலிடத்தில் இருந்த பக்கம்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகைத் தாங்குகிறது. எங்கள் அலுவலகத்தில் ஆறு வருடமாகக் கேட்டும் இப்படி ஒன்று வாங்கித் தரவில்லை.

கேட்டதற்கு வருகிறேன். சிறிய மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் நிறுவனம் எங்களுடையது. மருத்துவம் பற்றி இணையத்தில் யார் எதைத் தேடினாலும் எங்கள் பக்கம் முதலில் வர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முன்பு எழுதுவதற்கு நான்கு பேர் இருந்தார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு நான் ஒருவன்தான். தலைப்பைக் கொடுத்தால் போதும், டீ ஆறுவதற்குள் கட்டுரை வந்துவிடும். ஒரு நாளைக்கு நாற்பது. அத்தனையையும் படித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். நானும் மனிதன்தானே.

ஆனால் தேடுபொறிக்கு ஆள் வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் சரிபார்த்தார் என்று பெயரும் படமும் இருந்தால்தான் மருத்துவப் பக்கங்களை மேலே ஏற்றும் என்பது எங்கள் தொழிலில் நம்பிக்கை. என் அக்கா குழந்தைகள் வார்டில் நர்ஸ். பதினேழு வருட அனுபவம். ஒரு கல்யாணத்தில் எடுத்த அவள் படம் என் போனில் இருந்தது, நல்ல சிரித்த முகம். கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டு, சரிபார்த்தவர் என்று அவள் பெயரோடு போட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் கட்டுரையைக் காட்டு, படித்துப் பார்க்கிறேன் என்பாள்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்து பற்றிய பக்கம் மூன்றே வாரத்தில் முதலிடத்துக்கு வந்தது. மேலாளர் எல்லோருக்கும் கேக் வாங்கினார்.

அந்த வாரம்தான் அக்கா போன் செய்தாள்.

"டேய், என் போட்டோவ எதுக்குடா அதுல போட்ட? சரி, அத விடு. சொட்டு மருந்துக்குப் போய் சிரப்போட அளவப் போட்டிருக்கு. சொட்டு மருந்து எவ்ளோ ஸ்ட்ராங் தெரியுமா? பச்சப்புள்ள தாங்காதுடா. இன்னிக்கே மாத்து."

"மாத்திடறேன்க்கா," என்றேன். அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவாள்.

மேலாளரிடம் கேட்டேன். அளவு தப்பு என்று சொல்லவில்லை, ஒரு சின்னத் திருத்தம் என்றேன்.

"முதல் இடத்துல இருக்கிற பக்கத்து மேல கை வைக்காதப்பா. தூங்குற குழந்தைய யாராவது எழுப்புவாங்களா?"

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பயம்தான். கை வைத்தால் இடம் இறங்கிவிடுமாம். மாதக் கடைசியில் எங்கள் நிறுவனத்தை வாங்க வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுவதாக இருந்தது. இன்னும் பன்னிரண்டு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

யார் எவ்வளவு நேரம் படிக்கிறார்கள் என்பது எங்கள் திரையில் தெரியும். ஒன்பதாம் நாள் ஒருவர் அந்தப் பக்கத்தில் ஏழு நிமிடம் இருந்தார். வழக்கமாக யாரும் முக்கால் நிமிடம்கூட நிற்பதில்லை. இவர் மருந்தளவு அட்டவணை வரை போய், மேலே வந்து, மறுபடி அட்டவணைக்குப் போயிருக்கிறார். பக்கம் பிடித்திருக்கிறது என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது குழந்தையின் அம்மா என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நர்ஸ் படத்தைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராமே. படத்தைப் பொறுத்தவரை நான் தேர்ந்தெடுத்தது சரிதான்.

குழந்தைக்கு எட்டு மாதம். மருந்து கொடுத்த மூன்றாம் நாள் இறந்துவிட்டது.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து ஐந்து வாரமாகிறது. தம்பியிடம் அன்றே சொன்னேன் என்று அவள் சொன்னாள். மருத்துவமனை விசாரணையில் என்னைக் கேட்டார்கள், ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருக்கிறது. பெயரையும் படத்தையும் போட்டது நான். தப்பு என்று தெரிந்தும் விட்டது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

செய்தி வந்த அன்றே அட்டவணையைத் திருத்திவிட்டேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது நொடி ஆனது. மறுநாள் காலை முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். பக்கம் முதலிடத்திலேயே இருந்தது, ஒரு படிகூட இறங்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டு, "மாத்திட்டேன்க்கா," என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். எதையும் லேசில் விட மாட்டாள், அவள் சுபாவம் அப்படி.