நாலாவது பாட்டில் ஒரு மயில்

— மெஷினுன்னு சொல்றவங்க காதுல பஞ்சு வெச்சிருக்காங்க, நிர்மலா அக்கா. அது மயில்தான். சாமுண்டி மலையடியில எங்கயோ பிடிச்ச சத்தம். அதை இழுத்து இழுத்து ஒரு பாட்டு நீளத்துக்கு ஆக்கியிருக்காங்க.

— இந்தப் பக்கமா வந்து பேசு, தீபக் தம்பி. இடது காது எனக்குக் கேக்காதுன்னு சொன்னேனல்ல. நாற்காலியை அப்புறமேலு போட்டுக்கலாம்.

— சாரி அக்கா, மறந்தே போச்சு. நாலாவது பாட்டைத்தான் சொல்றேன். இன்னிக்கி நம்ம ஹால்ல ‘ஈரக் கரண்ட்’ குரூப்பு வாசிக்கறாங்கல்ல, அவங்களோட ‘காலி வீடு’ ஆல்பம். அதைக் கேட்டு மைசூர்ல பாதிப் பேரு காறித் துப்பறான், பாதிப் பேரு கும்பிடறான். நான் கும்பிடற கட்சி.

— நான் துப்பற கட்சி.

— ஹௌதா, நெஜமாவா? நீங்களும் கேட்டீங்களா? ஹால் சாவியைப் பாத்துக்கறது, பெருக்கறது, இதோட சரின்னு நெனச்சேன்.

— என் மக ஃபோன்ல ஏதோ வீடியோவுக்குப் பின்னால ஓடுச்சு. தூக்கிவாரிப் போட்டுது. அப்புறமேலு முழுசையும் உக்காந்து கேட்டேன். அது பாட்டே இல்லீங்க சாமி.

— அதான் அக்கா அதோட பியூட்டி. பாட்டு இல்ல, வெறும் சத்தம். என் ஃப்ரெண்டு தமிழ்ப்ரியா மெஷின் கட்சி. பழைய தறி ஓடற சத்தம்ங்கறா. நான் மயில்னு சொன்னதுக்கு, வாட்ஸப் குரூப்புல எல்லாருக்கும் முன்னாடி என்னை எருமைன்னுட்டா. அதுலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல.

— மயிலோ தறியோ, பிடிக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டாங்களா?

— மயிலுகிட்ட யாரு அக்கா கேப்பாங்க? சும்மனே தமாஷ் பண்றீங்க. சத்தம் காத்துல வருது. பிடிச்சவனோடது அது. கத்தினவனோடது இல்ல.

— கத்தினவனோடது இல்ல. சரி. சொன்னதை ஞாபகம் வெச்சுக்க.

— மழை வலுத்துடுச்சு, ஆளுங்க வருவாங்களான்னு கொத்தில்ல, யாருக்குத் தெரியும். பஸ்ஸெல்லாம் மார்க்கெட்டுகிட்டயே நின்னுரும்... அக்கா, யாரோ கதவைத் தட்டறாங்க. கேட்டீங்களா? ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. நாலாவது பாட்டோட பீட்டு அது. நம்ம ஆளு யாரோதான். இருங்க, திறக்கறேன்.

— உக்காரு. சாவி என் இடுப்புல இருக்குது. அது பீட்டு இல்ல.

— பின்னே?

— எங்க வீட்டுத் தட்டு. எங்கம்மா ஊரு கோபிநத்தம், காட்டோரம். இருட்டினா கதவைத் தட்டறது யாருன்னு தெரியாது. அதனால வீட்டு ஆளுன்னா ரெண்டு தட்டி, நிறுத்தி, இன்னொண்ணு தட்டிப் பேரைச் சொல்லோணும். சொன்னாத்தான் திறப்பாங்க. சென்ட்ரிங் வேலைக்குன்னு மைசூரு வந்த பின்னாலயும் எங்கம்மா அதை விடல. எந்தக் கதவுன்னாலும் எனக்கும் எங்கண்ணனுக்கும் கை அப்படியேதான் போவும்.

— அப்போ வெளிய நிக்கறது உங்கண்ணனா?

— ஆமா. சந்திரன்.

— ஈரக் கரண்ட் குரூப்போட சந்திரனா? அவரு உங்க கூடப் பொறந்தவரா அக்கா? இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல நீங்க.

— எதைச் சொல்ல? புருஷன் அடி தாங்காம, கைக்குழந்தையத் தூக்கிட்டு அவன்கிட்டத்தான் ஓடி வந்தேன். இப்படித்தான் மழை. எங்கம்மா போயிச் சேந்துட்டா, வீட்டுல அவன் ஒருத்தன்தான். தட்டினேன். பேரைச் சொன்னேன். திறடா சாமின்னு கெஞ்சினேன். இடுப்புல குழந்தை வீல்வீல்னு கத்துது. உள்ள லைட்டு இல்ல, ஒரு சத்தம் இல்ல. வீட்டுல ஆளில்லைன்னு நெனச்சு, புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போனேன். இந்தக் காது அன்னிக்கிப் போனதுதான்.

— அக்கா...

— பெங்களூருல இருந்தேன் நிர்மலா, தெரிஞ்சா விட்டுருப்பனான்னு மறுநாளு ஃபோன்ல அழுதான். நானே அவனுக்குச் சமாதானம் சொன்னேன். அவன் ஆல்பம் வந்துதான் எனக்குச் சொல்லுச்சு, அவன் உள்ளதான் இருந்திருக்கான்னு. கதவுக்கு அந்தப் பக்கம், மைக்கப் பிடிச்சுக்கிட்டு.

— அப்போ அந்த மயிலு...

— என் மக.

— கடைசியில அது டக்குன்னு நின்னுடும்க்கா. அதைப் பத்தி நான் பக்கம் பக்கமா எழுதினேன். என்னா முடிவு, என்னா மௌனம்னு.

— நான் திரும்பிப் போயிட்டேன் தம்பி. அதான் நின்னுருச்சு.

— ஹலோ, உள்ள யாருங்க? ப்ரோக்ராம் பண்ண வந்திருக்கேன். கதவைத் திறங்க, எல்லாம் நனையுது.

— அவரேதான். திறந்துரலாம்க்கா. கையில மெஷினெல்லாம் வெச்சிருப்பாரு. தண்ணி இறங்கினா அவ்ளோதான், ஒண்ணும் மிஞ்சாது.

— தெரியும். வாசலுக்கு மேல இருந்த தகரத்தை நேத்து நான்தான் கழட்டச் சொன்னேன்.

— வேணும்னேவா? ஐயோ. வேண்டாம்க்கா, உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேப்போம். எல்லாருக்கும் முன்னாடி மன்னிப்புக் கேக்க வைக்கறேன், என் பொறுப்பு.

— மன்னிப்பு எனக்கெதுக்கு? அதையும் பிடிச்சு அடுத்த ஆல்பத்துல போடுவான். அவன் அங்கயே நிக்கோணும். உங்க மயில் கட்சி, மெஷின் கட்சி எல்லாம் இப்ப வருவாங்கல்ல, அவங்க பாக்க நிக்கோணும். அந்தப் பாட்டைக் கேட்ட நாள்லேருந்து என் வயிறு எரியுது தம்பி. இன்னிக்கித்தான் சித்தெ குளிருது.

— நான் என்ன பண்ணட்டும்?

— ப்ரோக்ராமப் பதிவு பண்ணோணும்னு ரெக்கார்டர் கொண்டாந்தயே. அதைக் கதவோரமா வை.

— அவருக்குத் தெரியாமயா? அது தப்பில்லையாக்கா?

— பிடிச்சவனோடதுன்னு நீதானே சொன்ன.

— ...வெச்சாச்சு. ஓடுது.

— வெளிய யாரு? பேரைச் சொன்னாத்தான் திறப்போம்.

— இந்தக் குரலு... நிர்மலாவா? நிர்மலா, நீ எப்படி இங்க?

— பேரைச் சொல்லு.

— நான்தான், சந்திரன். உங்கண்ணன். திற சாமி. பொட்டிக்குள்ள தண்ணி போவுது. உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன், கதவைத் திற.

— தீபக், நல்லாக் கேட்டுச் சொல்லு. இது மயிலா, மெஷினா?