மெஷின் நுழையாத மூலை

அக்கா: பூட்ஸை வாசல்லயே விடு. போன தடவை நீ மிதிச்ச எண்ணெய்க் கறையே இன்னும் போகல.

தம்பி: அது கிடக்கட்டும்... மண்ணு டெஸ்ட் ரிசல்ட் என்னாச்சு?

அக்கா: முதல்ல உக்காரு.

தம்பி: நின்னுக்கறேன். ரெண்டு தடவை ஃபெயில் போட்ட மகராசி நீ. கூடப்பொறந்தவனாச்சேன்னு கொஞ்சமாவது...

அக்கா: லேப்ல மண்ணைத்தான்டா பாப்பேன். உன் மூஞ்சியையா பாப்பேன்?

தம்பி: சப்ஸ்டேஷன்ல எங்க ஆளுங்க எல்லாம் என் வாயையே பாத்துட்டு நிக்கறாங்க. இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க...

அக்கா: பாஸ்.

தம்பி: என்னது?

அக்கா: நீ அனுப்பின மண்ணுல எண்ணெய் இல்ல. பாஸ்.

தம்பி: அடிப்பாவி! இதை வந்ததுமே சொல்றதுக்கென்ன? பழைய டிரான்ஸ்பார்மர் வருஷக்கணக்கா ஒழுகி ஊறின மண்ணு அது, அக்கா. கையில எடுத்துப் பிழிஞ்சா சொட்டும். அதையே சுத்தம் பண்ணிட்டோம்ல! ஆமா... நீ ஏன் உம்முனு இருக்க?

அக்கா: டிரான்ஸ்பார்மர் மேடைக்கும் மதிலுக்கும் நடுவுல ஒரு மூலை இருக்குமே...

தம்பி: எந்த மூலை?

அக்கா: நடிக்காத. மெஷின் நுழையலன்னு நீதானே புலம்பின?

தம்பி: ஓ... அதுவா? அது பிளான்லயே இல்லக்கா. மேல கான்கிரீட் போட்டு மூடிடலாம்னு இன்ஜினீயர் சொன்னார்.

அக்கா: மூடிட்டா எண்ணெய் மாயமாப் போயிடுமா? மதிலுக்கு அந்தப் பக்கம் கிணறு. அந்தத் தெருவுல அத்தனை குடும்பமும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது.

தம்பி: அதான் பாஸ் ஆயிடுச்சுல்ல, விடேன். குடிக்கத் தண்ணி குடு.

அக்கா: கீழ் தட்டுல சொம்பு இருக்கு. எடுத்துக்கோ.

தம்பி: கீழயா... நீயே எடுத்துக் குடேன்.

அக்கா: ஏன், குனிய முடியலையா?

தம்பி: யார் சொன்னா? இதோ... ஸ்ஸ்... அம்மா!

அக்கா: இந்த முதுகுவலியோட மண்வெட்டியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

தம்பி: நான் எங்க தொட்டேன்? நின்ன இடத்துல நின்னு வேலை வாங்கறதோட சரி.

அக்கா: பொய்.

தம்பி: சத்தியமாக்கா!

அக்கா: ஞாயித்துக்கிழமை நீ இல்லாதப்ப அங்க வந்தேன்டா. எண்ணெயோட மூடியிருந்தா இனிமே உன் முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு நெனச்சுட்டுத்தான் வந்தேன். கான்கிரீட் இல்ல, புது மண்ணு போட்டிருந்தது. அதுக்கும் கீழ தோண்டி எடுத்துட்டுப் போய் நானே டெஸ்ட் பண்ணினேன்... துளி எண்ணெய் இல்ல. எல்லாரும் கிளம்பினப்புறம் நீ ஒருத்தனா உள்ள நுழைஞ்சு குனிஞ்சு குனிஞ்சு வெட்டினியாமே? வாட்ச்மேன் எல்லாத்தையும் சொன்னார். ‘அவர் யாரும்மா உங்களுக்கு’ன்னு கேட்டார். ‘என் தம்பி’ன்னு அந்தத் தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டு வந்தேன்டா!